நுபதாமா மண்டியிட மாட்டான்

ஹகா, நெமோட்டோவுக்குத் தர வேண்டிய கடன் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் யென். வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. நெமோட்டோ ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதுதான் வினையாகப் போயிற்று. கேட்டிருந்தால் ஹகா ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பான், நெமோட்டோ நாலு வார்த்தை வைதிருப்பான், அப்புறம் இருவரும் ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போதோ ஹகா அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

முகமூடி போட்டுச் செய்கிற வேலைதான். ஆனால் கூட இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் செய்ய முடியாத வேலை.

வார நாட்களில் நெமோட்டோ கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் குருமே நகரத்து டிபார்ட்மென்ட் ஸ்டோர் மொட்டை மாடி மேடையில் நுபதாமா வேஷம். தொலைக்காட்சியில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் 'விண்மீன் காவலர்' தொடரில் வருடத்துக்கு ஒரு புதுக் காவலன் வருவான், போவான். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்து, கதையில் செத்தாலும் போகாமல் திரும்பி வருகிறவர்கள் இரண்டே பேர். வெள்ளை உடுப்புக்காரன் ஷிராஹோ, நல்லவன். கறுப்புக் கவசக்காரன் நுபதாமா, எதிரிப் படைத் தளபதி. வசந்த காலத்தில் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்துக்கு ஓட்டுப் போடுவார்கள். இந்த வருடம் ஷிராஹோவைத் தள்ளிவிட்டு நுபதாமா முதலில் வந்தான். அதனால் கோடைக்காலம் முழுக்க இருவரும் மேடையில் மோதுகிறார்கள், ஷிராஹோவாக ஹகா. எத்தனை ஓட்டு விழுந்தாலும் கடைசியில் ஜெயிப்பது ஷிராஹோதான். அதை மட்டும் யாராலும் மாற்ற முடியாது.

நுபதாமாவை ஜனங்களுக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்றால், அவன் மண்டியிட மாட்டான். தன் சக்கரவர்த்திக்கு முன்னால்கூட மண்டியிட்டதில்லை. முதல் வருடக் கதையின் கடைசி வாரத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிச் செத்தபோதும் நின்றபடியே செத்தான். ரசிகர்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார்கள். உள்ளே இருந்து பார்த்தவனுக்குத்தான் விஷயம் தெரியும். முதல் உடுப்புச் செய்தபோது தொடையிலிருந்து கணுக்கால்வரை முன்பக்கத் தகட்டை ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டார்கள். நடக்கிற அளவுக்கு முட்டி மடங்கும். அதற்கு மேல் மடக்கினால் தகடு உடையும். வீரமும் இல்லை, மானமும் இல்லை. பிளாஸ்டிக்.

இதை மோகாமியிடம் சொன்னால் செருப்பால் அடிப்பாள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, சலவைக் கடையில் வேலை. கழுத்தில் கறுப்புத் துண்டு, கையில் முழநீள லென்ஸ் மாட்டிய கேமரா, முதல் வரிசையில் நடு நாற்காலி. வீட்டுக்குப் போனதும் இணையத்தில் எழுதுவாள். "இன்று நுபதாமா தோளைச் சொறிந்தார். நுபதாமாவுக்கு அரிக்காது." அடுத்த வாரம், "இன்று நுபதாமாவின் இடது கை அலைந்தது. பயந்தவன் கைதான் அலையும்." நெமோட்டோ அதைப் படித்துவிட்டுச் சாரத்தின் மேல் நின்றுகொண்டு நாள் முழுக்கக் கறுவுவான். ஆனாலும் அடுத்த ஞாயிறு இடது கை அலையாது.

அந்த ஞாயிறு வெயில் கொளுத்தியது. மாடித் தரையில் தண்ணீர் தெளித்தால் விழுந்த இடத்திலேயே காய்ந்தது.

உடுப்புக்குள் போகிறவனுக்குக் கழுத்துக்குக் கீழேயும் அக்குளிலும் ஐஸ் பொட்டலம் வைத்துக் கட்ட வேண்டும். அது தனக்குத் தானே எட்டாது. கூட இருப்பவன்தான் வைப்பான். நெமோட்டோ உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தபோது ஹகா முன்னாலேயே வந்து வெள்ளை உடுப்புக்குள் ஏறி, ஜிப்பையும் யாரையோ விட்டு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஐஸ் வெச்சியாடா?"

"வெச்சாச்சுண்ணே." சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"யாரு வெச்சா?"

"வெச்சாச்சுன்னா வெச்சாச்சுண்ணே."

நெமோட்டோ கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். அதற்குள் ஹகா முகமூடித் தலையை எடுத்து மாட்டிக்கொண்டான். தலையை மாட்டிவிட்டால் பேச்சு கிடையாது, அது இந்தத் தொழிலில் சட்டம். பணத்தைக் கேட்டுவிடுவேனென்று பயப்படுகிறான் கழுதை என்று நினைத்துக்கொண்டு நெமோட்டோ தன் தகடுகளை மாட்டத் தொடங்கினான்.

மேடையில் யாரும் பேசுவதில்லை. குரல், இசை, இடிச் சத்தம் எல்லாம் முன்னாலேயே பதிவு செய்தது. மேடைப் பக்கத்துக் கூடாரத்துக்குள் ஓகி என்ற பையன் பொத்தானை அமுக்குவான், அது பாட்டுக்கு ஓடும், உள்ளே இருப்பவர்கள் அதற்கு ஏற்ப ஆட வேண்டும். உயிருள்ள வாய் ஒன்றே ஒன்றுதான், மைக் பிடித்து நிற்கும் சிஹோ. குழந்தைகள் அவளை அக்கா என்பார்கள்.

சண்டை பாதியில் இருவரும் நின்றபடி மல்லுக்கட்டும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் மற்றவன் கையை இரண்டு தரம் அழுத்துவான். 'நல்லாயிருக்கியா?' அவன் திருப்பி இரண்டு தரம் அழுத்துவான். 'இருக்கேன்.' பேச்சு நின்றுபோன இந்த இரண்டு வருடத்திலும் அது மட்டும் நின்றதில்லை.

நெமோட்டோ அழுத்தினான். திருப்பி ஒன்றுதான் வந்தது. அதுவும் குழந்தை பிடித்த மாதிரி.

அடுத்த கணம் ஹகா விழுந்தான். கதைப்படி விழ வேண்டியவன்தான், ஆனால் இன்னும் நாலு அடி வாங்கிவிட்டு விழ வேண்டும். விழுந்த விதமும் சரியில்லை. நடிப்பவன் முழங்கையை முதலில் ஊன்றுவான். இவன் சிமெண்டு மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்ட மாதிரி விழுந்தான். வெள்ளைத் தலை பலகையில் 'டொக்' என்று மோதியது.

நுபதாமாவின் பதிவுக் குரல் சிரித்தது. "முடிந்தது, ஷிராஹோ. உன் நட்சத்திரம் அணைந்தது."

நெமோட்டோ பூட்ஸ் காலால் உதைக்கிற மாதிரி அவன் விலாவில் இரண்டு தரம் தட்டினான். ஒன்றும் வரவில்லை.

"ஐயோ, ஷிராஹோவுக்கு ஆபத்து," என்றாள் சிஹோ மைக்கில். "நம்ம குரல்தான் அவருக்கு பலம். எல்லாரும் சேர்ந்து கூப்பிடலாமா? எழுந்திரு, ஷிராஹோ!"

மாடி முழுக்கக் குழந்தைகள் கத்தினார்கள். எழுந்திரு, எழுந்திரு. அப்பன்மார் தோளில் தூக்கிக் காட்டினார்கள். ஒருவன் விழுந்து கிடக்க, இருநூறு பேர் சந்தோஷமாகக் கை தட்டினார்கள்.

"பத்தல, பத்தல. இன்னும் சத்தமா!"

இசை மாறியது. இந்த இடத்தில் ஷிராஹோ எழ வேண்டும். "நான் தோற்க மாட்டேன்!" என்றது ஒலிபெருக்கி. வெள்ளைக் குவியல் அசையவில்லை. நெமோட்டோ சிஹோவைப் பார்த்தான். அவள் முகத்தில் கலவரம் இல்லை. போன வாரம் ஹகா வேண்டுமென்றே இப்படித் தாமதித்து எழுந்திருந்தான். அதற்குக் கைதட்டல் காதைப் பிளந்தது. இன்றும் அதே விளையாட்டு என்று நினைத்து அவள் மறுபடியும் கூப்பிடச் சொன்னாள்.

நெமோட்டோ கூடாரத்தைப் பார்த்துக் கையைக் குறுக்கே வீசினான். நிறுத்து. கறுப்புக் கவசத்தில் அது மிரட்டுகிற மாதிரி இருந்தது போலும். குழந்தைகள் இன்னும் பலமாக அலறினார்கள். நிறுத்துடா ஓகி என்று கத்தினான். பஞ்சு வைத்த தலைக்குள் அவன் குரல் அவன் காதிலேயே மோதித் திரும்பியது. தலையைக் கழற்றலாமென்றால் கொக்கி பின்பக்கம் இருக்கிறது, தடித்த கையுறைக்கு அகப்படாது. தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால் குனியாமல் எப்படித் தூக்குவது? முட்டி மடங்காதே.

கண் துளை வழியே தெரிந்ததெல்லாம் முதல் வரிசை நடு நாற்காலி. அந்த முழநீள லென்ஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. தோளைச் சொறிந்ததைக் கண்டவள், கை அலைந்ததைக் கண்டவள். இந்த மாடியில் நுபதாமாவை இவனைவிட நன்றாகத் தெரிந்த ஜீவன் அது ஒன்றுதான்.

நெமோட்டோ நேராக லென்ஸைப் பார்த்து நின்றான். பிறகு மண்டியிட்டான்.

தகடு உடைந்த சத்தம் இசையைத் தாண்டிக் கேட்டது. விளிம்பு முட்டியில் குத்தி இறங்கியது. அவன் அப்படியே ஹகாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

கேமரா கீழே இறங்கியது. மோகாமி எழுந்து நின்றாள்.

"நுபதாமா மண்டியிட மாட்டான்," என்றாள்.

பின்னால் இருந்தவர்கள் உஷ் என்றார்கள். பக்கத்திலிருந்த வெள்ளைத் துண்டு போட்ட ஆள், ஷிராஹோ கட்சிக்காரன், "உக்காருங்க, இது புதுசா எழுதினதா இருக்கும்," என்றான்.

"எவன் எழுதினாலும் மண்டியிட மாட்டான்யா. உள்ள இருக்கற ஆளுக்கு என்னமோ ஆயிடுச்சு. ஏ தம்பி, கூடாரத்துக்காரா, பாட்டை நிறுத்து. நிறுத்துடா!"

சலவைக் கடை இயந்திரங்களுக்கு மேலாகப் பேசிப் பழகிய தொண்டை. இசை நின்றது.

மாடி சட்டென்று அமைதியாயிற்று. முன்வரிசைக் குழந்தை ஒன்று கேட்டது, "அக்கா, ஷிராஹோ செத்துட்டாரா?"

சிஹோவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் மைக்கைக் கீழே போடவில்லை. "இல்லடா கண்ணு. நுபதாமா என்ன சொல்றார் தெரியுமா? வெயில்ல களைச்சவனோட சண்டை போட்டு ஜெயிக்க மாட்டாராம். தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லித் தானே தூக்கிட்டுப் போறார். எல்லாரும் வழி விடலாமா?"

நெமோட்டோ தூக்கினான். சாரத்துக்கு இரும்புக் குழாய் சுமந்த தோள், அன்றைக்கு அதுகூடத் திணறியது. எழும்போது உடைந்த தகடு இன்னும் ஆழமாக இறங்கியது. கூடாரத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது மோகாமி அங்கே இருந்தாள். அவளோடு முன்வரிசை மொத்தமும். யாரும் சொல்லாமலே கறுப்புத் துண்டுக்காரர்களும் வெள்ளைத் துண்டுக்காரர்களும் துண்டுகளை விரித்துப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். தலை கழன்று கிடப்பதை எந்தக் குழந்தையும் பார்க்கக் கூடாது.

மோகாமி நெமோட்டோவின் பின்னால் வந்து காதுக்குக் கீழே விரலை விட்டாள். கொக்கி ஒரே தட்டில் விட்டது. எங்கே இருக்கிறதென்று இவனுக்கே நிச்சயமாகத் தெரியாது.

ஷிராஹோவின் தலையைக் கழற்றினார்கள். ஹகாவின் முகம் சிவந்து, ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் காய்ந்து கிடந்தது. ஜிப்பைக் கிழித்துத் திறந்தான் நெமோட்டோ. ஐஸ் பொட்டலம் ஒன்றுகூட இல்லை.

"ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு," என்றான் யாரோ. வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். மோகாமி தன் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டாள். நெமோட்டோ அவன் கையைப் பிடித்து இரண்டு தரம் அழுத்தினான். மறுபடி அழுத்தினான். கை துணி மாதிரி தொங்கியது.

"டேய், ஹகா. ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம். கேக்குதா? குடுக்காம எங்கயும் போக முடியாது. டேய்."

எத்தனை தரம் சொன்னானென்று அவனுக்கே தெரியாது. சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அந்தத் தொகை மனப்பாடமாகியிருக்கும். படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் வரும் சத்தம் கேட்டபோது ஹகாவின் விரல்கள் அசைந்தன. ஒரு அழுத்தல். கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

நெமோட்டோ அப்போதுதான் தன் முட்டியைக் குனிந்து பார்த்தான். பூட்ஸ் நிறைய ரத்தம்.

அன்று இரவு மோகாமி எழுதியது ஒரே வரி. "இன்று குறை சொல்ல எதுவும் இல்லை."

இலையுதிர் காலம் தொடங்கி, நெமோட்டோ முட்டியில் தையல் தழும்போடு மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு மதியம் ஹகா கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வந்தான். மெலிந்திருந்தான். நெமோட்டோ தன் சின்ன லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தான்.

"பணம் இல்லண்ணே," என்றான் ஹகா, நின்றபடியே.

"அதைச் சொல்லவா ரயிலேறி வந்த?"

ஹகா துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். ஓரம் பழுத்த பழைய அட்டைப் பெட்டி, கண்ணாடித் தாள் ஜன்னலுக்குள் நுபதாமா பொம்மை. நுபதாமா தொடரில் வந்த முதல் வருடத்தது. நெமோட்டோவே கடை ஜன்னலில் மட்டும் பார்த்திருந்த பொம்மை.

"எங்கப்பா ரெண்டு வாங்கினாரு. ஒண்ணை ஒடச்சா அழுவேன்னு. ஒடச்சதும் அடுத்ததைப் பிரிக்க மனசு வரல. பிரிக்காத பெட்டி, ரெண்டரை லட்சம்வரை போகும்னாங்க. விக்கறதுக்குப் போனேன், கடை வாசல்வரை போனேன். குடுக்க முடியல. உங்ககிட்டன்னா குடுக்கலாம்."

"உனக்கு நுபதாமாவா பிடிக்கும்?"

"உங்ககிட்டக் கடன் வாங்கிட்டு டோக்கியோ போனேனே, டிவி தொடருக்கு ஆள் எடுக்கறாங்கன்னு. எந்த வேஷத்துக்குன்னு நீங்க கேக்கவே இல்ல."

"ஷிராஹோன்னு நெனச்சேன்."

"நுபதாமா." ஹகா கால் செருப்பால் மண்ணைக் கிளறினான். "உங்க காசை வாங்கிட்டு உங்க வேஷத்துக்கே போனேன். அதுலயும் தோத்துட்டு வந்து உங்க மூஞ்சில எப்படிண்ணே முழிக்கறது?"

நெமோட்டோ வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். மேலே யாரோ இரும்புக் குழாயை உருட்டினார்கள். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டை விரல் நகத்தை மூடியின் ஓரத்தில் கொடுத்தான்.

"அண்ணே, பிரிக்காதீங்க. பிரிச்சா ஒண்ணுமில்லாமப் போயிடும். ரெண்டாயிரம்கூடத் தர மாட்டான்."

"தெரியும்."

முப்பது வருடப் பசை 'சர்'ரென்று விட்டது. நெமோட்டோ பொம்மையை வெளியே எடுத்து, வெற்றுப் பெட்டியை ஹகாவின் கையில் கொடுத்தான்.

"கணக்கு தீந்துச்சு. இனிமே ஐஸ் நான்தான் வெப்பேன். சுவத்தைப் பாத்துப் பதில் சொன்னா ஒதைப்பேன்."

ஹகா பெட்டியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். நெமோட்டோ லாரிக் கதவைத் திறந்து, பொம்மையை முன்கண்ணாடிக்குக் கீழே உட்கார வைக்கப் பார்த்தான். காலை மடக்கிப் பார்த்தான். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் மூட்டே இல்லை, ஒரே வார்ப்பு.

"அது உக்காராதுண்ணே," என்றான் ஹகா.

"நிக்கட்டும்," என்றான் நெமோட்டோ.