அக்காவைப் பிழைக்கவைக்காத கதை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. எழுதுகிறவளின் அண்ணன் முதல் பிரதியைப் படித்துவிட்டுத் தாள்களை மேசைமேல் போட்டான்.

"கதைதானே? அக்காவப் பொழைக்க வச்சா உன் பேனா தேஞ்சிடுமா?"

"நடந்தது அப்படி இல்லையேண்ணா."

"நடந்தது எனக்குத் தெரியாதா? கழுத்தைத் திறந்து பண்ணியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா. நீதான் அவ பேச்சுக்குத் தலையாட்டின."

அதற்குப் பிறகு மூன்று தொடக்கங்கள் எழுதினாள். முதல் இரண்டும் 'அக்கா சாந்தமானவள்' என்று ஆரம்பித்தன. அடித்துவிட்டாள். மொத்தக் காய்கறிச் சந்தையில் இருபத்தாறு வருடம் ஏலம் கூவியவள் சாந்தமானவளாம். இறந்தவர்களை உடனே சாந்தமாக்கிவிடுகிறோம். எழுந்து வந்து வாயாடமாட்டார்கள் என்ற தைரியம்.

2

(மூன்றாவது தொடக்கம்.)

அக்காவின் கழுத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். கழுத்தைத் திறந்து சரிசெய்வது ஒன்று. புடைப்பு இருக்கும் இடத்தில் குரல் நரம்பு அடிபடலாம். இன்னொன்று, தொடையில் சிறு துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே கம்பியை ஏற்றி, புடைப்புக்கு உட்புறம் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை விரிப்பது. உயிருக்கு ஆபத்து இரண்டிலும் உண்டு.

"குரல் போனா சந்தையில கையாட்டியா விக்கிறது? டிராஃபிக் போலீஸ்னு நெனச்சு வண்டிய நிறுத்திடுவாங்க. கம்பியே விடுங்க டாக்டர்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"கழுத்து என்னுது. இவ என் தங்கச்சி. நான் சொல்றதத்தான் சொல்லுவா."

உறவினருக்கான இடத்தில் தங்கை கையெழுத்துப் போட்டாள். [அவள்தான் எழுதுகிறவள். 'நான்' என்று எழுதினால் அழுகை வருகிறது. அழுதால் அண்ணன் ஜெயித்துவிடுவான்.]

3

முழு மயக்கம் கொடுக்கவில்லை. மூளை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அவ்வப்போது பேசச் சொன்னார்களாம். அக்கா தலைக்குமேல் இருந்த விளக்கை ஏலம் விட்டாளாம். நர்ஸ் ஒருத்தி விலை கேட்டாளாம். 'இவ்வளவு கம்மியாவா கேப்ப?' என்று அவளுக்குத் திட்டு விழுந்ததாம்.

ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்தது. ஒன்பது நாள் வீடு சத்தமாக இருந்தது. பத்தாம் நாள் காலையில் அக்கா பல் துலக்கும்போது

[இந்த வாக்கியம் ஒவ்வொரு பிரதியிலும் இங்கேயே நின்றுவிடுகிறது. ஸ்டென்ட்டில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போயிற்று. அவ்வளவுதான்.]

4

அண்ணன் கேட்ட முடிவையும் எழுதிப் பார்த்தாள். அக்கா கழுத்தைத் திறக்கச் சம்மதிக்கிறாள். பிழைக்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தங்கை காபி கொண்டுபோகிறாள். சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள். அக்கா சிரித்துத் தலையை

அடித்துவிட்டாள். இந்தப் பெண் யாரென்றே தெரியவில்லை. 'சம்மதிக்கிறாள்' என்ற ஒரு சொல்லை எழுத, அக்காவை முதலில் டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலியிலிருந்து எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

5

கழுத்தைத் திறந்திருந்தால் உயிரும் குரலும் இரண்டுமே தங்கியிருக்கலாம். எழுதுகிறவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான், அண்ணன் கேட்ட முடிவைத் தரமாட்டேன் என்கிறாள்.

வாசகரே, அக்காவைக் காப்பாற்ற உங்களுக்கும் கை துறுதுறுக்கும். கீழே இடம் விட்டிருக்கிறது, தாராளமாக எழுதுங்கள். ஒன்றே ஒன்று, அவளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். திட்டுவாள். திட்டி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.