தேர்வறையில் ஒரு தும்மல்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. ஒரே ஒரு தும்மல் ஒருத்தியை டாக்டராக்கிய கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்கக் கூடாது, ஆமாம்.

மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவி. தோழிகள் வைத்த பெயர் தந்தி. கேள்விகளைக் கடகடவென்று அடித்துவிடுவாள். பதில் மட்டும் காதில் ஏறாது. மனநல மருத்துவத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டது அதனால்தான். இது மூன்றாவது, கடைசி. இதுவும் போனால் வருஷமே போச்சு.

அந்தத் தேர்வில் நோயாளியாக நடிக்க ஆள் வைத்திருப்பார்கள். அன்றைக்கு வாழ்க்கை வெறுத்த பெண்ணாக உட்கார்ந்திருந்தவர் பக்கத்துத் தெருத் தையற்காரம்மா. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. திரைக்குப் பின்னால், மதிப்பெண் தாளோடு பேராசிரியர்.

"தூக்கம் வருதா? சாப்பிடுறீங்களா? வேலைக்குப் போறீங்களா?"

"எதுக்கு முதல்ல பதில் சொல்லட்டும், டாக்டரம்மா?"

தந்தி அடுத்த கேள்விக்குத் தாவினாள். "ஆள் இல்லாதப்போ காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

திரைக்குப் பின்னாலிருந்து வெடித்தது ஒரு தும்மல். ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

தையற்காரம்மா முகம் மாறவில்லை. "கேக்குதுங்க. சளி பிடிச்ச குரல்."

"எனக்கும் கேட்டுச்சு!" என்ற தந்தி, சின்ன வயதிலிருந்து வந்த பழக்கத்தில், திரையைப் பார்த்து "நூறாயுசு!" என்றும் சொல்லிவிட்டாள்.

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு பீறிட்டது. மனப்பாடம் செய்த நாற்பது கேள்விகளும் அந்தச் சிரிப்போடு பறந்தன. தையற்காரம்மா உதட்டைக் கடித்து வேஷத்தைக் காப்பாற்றிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"நூறா? எனக்கு நாளைக்கு வரைக்கும் இருக்கறதே மலைப்பா இருக்கு."

தந்தியின் சிரிப்பு நின்றது. அடுத்த கேள்வி நினைவில்லை. நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு, சும்மா காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா... செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"தோணுது. யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு."

மணி அடிக்கும்வரை அவர் பேசினார், இவள் கேட்டாள்.

பேராசிரியர் மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தார். "காலையிலேர்ந்து பதினோரு பேர் வந்தாங்க. இதை ஒருத்தரும் கேக்கல. நீ பாஸ். ஆனா நோயாளிக்குக் குரல் கேக்குதுன்னு எழுதிடாதே. அது நான்தான்."

"சார், இப்பவாவது நான் சிரிச்சுக்கலாமா?" என்றார் தையற்காரம்மா.

மூவரும் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்த பதிமூன்றாவது ஆள் கதவுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

தும்மினால் நூறு சொல்ல ஒரு வாயும், மனம் கனத்தால் கேட்க ஒரு காதும் உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும், என் செல்லங்களா.