அக்கா எழுதிய சப்பென்ற வரி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கதை எழுதுவது என் பிழைப்பு. ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை எழுதப்பட்டதிலேயே நல்ல வரி அக்காவுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: உலகமே அழியவிருந்த அந்த மாலையில், அவள் விரல்கள் விசைப்பலகையின் மீது...

(அக்கா படித்துவிட்டு, "யாருடா இவ? எனக்கு இவ்ளோ சீனெல்லாம் இல்ல" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

அக்காவுக்குக் கெர்னலில் வேலை. கணினியின் அடிமட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, எல்லாச் செயலிகளுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் நிரல் அது. அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். ஒரு செயலி தன் இடத்தைக் காலி செய்த பிறகும் சாவி அதனிடமே இருந்தது. அங்கே புதிதாக யார் குடிவந்தாலும் பழைய ஆள் உள்ளே நுழையலாம். விவரம் தெரிந்த திருடன் என்றால் மொத்த வீடும் அவனுக்குத்தான்.

(ஓட்டை எந்த இடத்தில் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. அக்கா எடுத்துவிட்டாள்.)

திருத்தம் சின்னதுதான்: இடத்தை விடுவிக்கும் முன், சாவி திரும்ப வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்ப்பது. என்ன மாற்றினோம் என்று அதோடு சேர்க்க வேண்டிய குறிப்பில்தான் சிக்கல். அதை ஊரே படிக்கும், திருடர்களும் படிப்பார்கள். "இங்கே ஓட்டை" என்று எழுதினால், திருத்தம் போய்ச் சேராத கணினிகளுக்குள் அவர்கள் முந்திக்கொள்வார்கள்.

"ஆஸ்பத்திரி மெஷின்ல கூட இதுதான்டா ஓடுது. அங்கெல்லாம் போய்ச் சேர்ற வரைக்கும் யார் கண்ணுலயும் படக் கூடாது."

"அப்போ ஏதாவது புளுகிடு. நான் எழுதித் தரட்டுமா?"

"பொய் எழுதக் கூடாது. உண்மையைக் கத்தவும் கூடாது. முடியுமா உன்னால?"

முடியவில்லை. நான் எழுதிய ஒவ்வொன்றும் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அக்கா எழுதி எழுதி அடித்து, கடைசியில் வைத்துக்கொண்டது இது:

விடுவிக்கும் முன் ஒருமுறை சரிபார்க்கிறோம்.

முழு உண்மை. படித்தால் கொட்டாவி வருகிறது.

3

மறுநாள் முகம் தெரியாத ஒருவன் எல்லோரும் பார்க்கும்படி அதன் கீழே எழுதினான்: "இதெல்லாம் ஒரு திருத்தமா? வேற வேலையே இல்லையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் கணினியில் பதில் தட்டப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அவனுக்கே தெரியலடா! தப்பிச்சோம்!"

நானோ ஒரு கைதட்டலுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிபவன். திட்டு வாங்கியதற்கு இப்படிப் பூரித்துப்போகும் ஒருத்தியை என் எந்தக் கதையிலும் படைத்ததில்லை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

4

முடிவுகள். (அ) திருடன் முந்திக்கொண்டான். (ஆ) ஒன்றுமே நடக்கவில்லை, அக்காவை யாரும்...

எது நிஜம் என்று அவளிடமே கேட்டேன்.

"இன்னும் எல்லார்கிட்டயும் போய்ச் சேரலயே."

"எப்போ சேரும்?"

"அவங்கவங்க போட்டாத்தானே?"

ஆகவே முடிவு என் கையில் இல்லை. உங்கள் போனிலும் ஓடுவது அதே கெர்னல்தான்; புதுப்பிக்கச் சொல்லி அதில் ஒரு செய்தி வந்திருக்கும். "சிறு திருத்தங்கள்" என்று மட்டும் போட்டிருக்கும். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டிருப்பீர்கள். முதலில் அதைப் போட்டுவிட்டு வாருங்கள். அ-வா, ஆ-வா என்று அதற்குப் பிறகு நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.