வெண்ணந்தூர் மழை

'சாரல் முரசு' வார இதழுக்கு நாற்பது வயதாகிறது. வரலாறு எழுதித் தரும்படி யாரும் கேட்கவில்லை. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், உறை ஒட்டுபவர் எல்லாம் நான் ஒருவன்தான் என்பதால் நானே கேட்டு நானே எழுத உட்கார்ந்தேன்.

ராசிபுரத்தில் இதைத் தொடங்கியபோது, வெளிமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் இருந்த நம் ஆட்களுக்குத்தான் அதிகம் போனது. ராய்ப்பூரில் போர் போடுகிறவனுக்கு அரசியல் எதற்கு? தன் ஊரில் மழை பெய்ததா என்றுதான் தேடுவான். அதற்காகவே மூன்றாம் பக்கத்தில் 'ஊர் மழை' என்று ஒரு கட்டம். ஊருக்கு ஒருவர் அளந்து சொல்வார். அவர் பெயரும் கூடவே வரும். வெண்ணந்தூருக்கு அர்த்தநாரி. தறியும் கொஞ்சம் விவசாயக் காடும் வைத்திருந்தவர். வியாழன்தோறும் தவறாமல் போன் செய்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் இறந்துபோனார். எழவுக்குப் போய் வந்து இரங்கல் செய்தி எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மற்ற ஊர்களில் அளந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோய், வாராவாரம் என்னோடு பேச மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று, 'வெண்ணந்தூர், 12 மி.மீ., அளந்தவர் அர்த்தநாரி' என்று போட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அவர் பிள்ளைகள்கூட ஏனென்று கேட்கவில்லை. படிக்க ஆளில்லை என்று தெரிந்ததும் தாராளமாகவே பெய்ய வைத்தேன்.

போன மாதம் ராய்ப்பூரிலிருந்து போன் வந்தது. வெண்ணந்தூர்க்கார ரிக் டிரைவர் சின்னராஜ்.

"ஏனுங்க, நம்மூர்ல மழை நல்லாருக்குதாட்ட இருக்குதுங்க. வேலைய உட்டுப்போட்டு ஊருக்கே வந்தரலாம்னு இருக்கறனுங்க. ஞாயித்துக்கெழம ரயிலுங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கக்கேடுதான். ஒருவர் படிக்கிறார்! முக்கால் மணி நேரம் பேசினார். இதழில் வந்த மேச்சேரி ஆட்டு விலை வரை ஒப்பித்தார். என் மனைவி வசந்தாமணி போய்ச் சேர்ந்தபின் என்னோடு யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால் இவரும் போய்விடுவார். "வாங்க, வாங்க" என்றேன்.

இரண்டு நாள்தான் தாங்கியது. பஸ் ஏறி வெண்ணந்தூர் போய் சின்னராஜின் காட்டைப் பார்த்தேன். கிணற்றில் பாறை தெரிந்தது. அங்கே நின்றபடியே அவருக்குப் போன் போட்டு, மழையே இல்லை, எல்லாம் நானாக எழுதியது என்று சொல்லிவிட்டேன்.



"மழை போனாப் போவுதுங்க. அர்த்தநாரி அளந்ததுன்னு போட்டிருந்தீங்களே?"

"அவரு தவறி ரெண்டு வருசமாச்சுங்க."

"பேப்பர்ல போடலீங்களே."

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவரே தொடர்ந்தார்.

"வரப்புச் சண்டைல அவங்கூடப் பேசிப் பதினஞ்சு வருசமுங்க. வாராவாரம் அவம்பேரப் பாத்து, நல்லாத்தான் இருக்கறான்னு நெனச்சுக்குவேன். இந்தத் தடவ போயிப் பேசிப்புடலாம்னுதான் டிக்கெட்டே எடுத்தனுங்க."

போனை வைத்துவிட்டார்.

அந்த வாரமே இரங்கல் செய்தியை முதல் பக்கத்தில் போட்டேன். இரண்டு வருடம் மறைத்ததையும் எழுதினேன். ஞாயிறு ரயிலில் சின்னராஜ் வரவில்லை. ராய்ப்பூருக்கு அனுப்பிய பிரதி பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உறைமேல் இந்தியில் ஏதோ எழுதியிருந்தது. போஸ்ட் ஆபீசில் காட்டிக் கேட்டேன். வாங்க மறுத்துவிட்டாராம்.