ஜூலையில் பழுத்த வில்லோ

மரம் வெட்டிப் பிழைக்கிறவன் நான். லாஸ் வேகாஸில் முப்பது வருஷமாக இதே தொழில். இந்தப் பாலைவனத்தில் வில்லோ மரம் வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆற்றங்கரையில் நிற்க வேண்டிய மரத்தை அடுப்பில் நட்டுவிட்டு, கருகுகிறதே என்று என்னைக் கூப்பிடுவார்கள். என் சிநேகிதன் வெண்டெல் மட்டும் தன் வாசலில் ஒன்றை இருபது வருஷம் செழிப்பாக வளர்த்தான்.

அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஜன்னலோரம் படுத்தபடி நாள் முழுக்க அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மகன் கிளேட்டன் சிறையிலிருந்து நவம்பரில் வரவேண்டும். வருஷா வருஷம் அந்த மரத்தின் இலை மஞ்சளாகிக் கொட்டுவதும் நவம்பரில்தான். "இலை மஞ்சளானா அவன் வந்துடுவான். அதுவரைக்கும் நான் எங்கேயும் போறதா இல்ல" என்பான். வலி மருந்தில் அவனுக்குக் கிழமை, மாதம் எல்லாம் குழம்பிக் கிடந்தன.

வசந்தத்தில் தெருவே புல்தரையைப் பெயர்த்துச் சரளைக்கல் கொட்டியது. தண்ணீர்த் தட்டுப்பாடு. வெண்டெலின் மனைவி வெர்னா என்னைக் கேட்டாள்.

"புல்லை எடுத்தா மரத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. அடிமரத்துகிட்ட நாலு சொட்டுக்குழாய் போட்டுடறேன். குடிச்சிக்கும்."

எனக்குத் தெரியாததல்ல. இத்தனை வருஷம் வில்லோ குடித்தது புல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரைத்தான். வேர்கள் வேலி வரை ஓடியிருந்தன. கிளைகளின் விளிம்புக்கு வெளியே நிலம் ஆழமாக ஊற வேண்டும். அதற்குக் குழாயை நீளமாகப் பதிக்க அரை நாள் ஆகும். அன்று எனக்கு வேறு வேலை இருந்தது.

ஜூலை நடுவில் இலை பழுத்தது. ஓடிப்போய் நாலு நாள் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. இலை கொட்டிக்கொண்டே இருந்தது.

"வெர்னா, இலை பழுத்துடுச்சே. பையன் எங்கே?" என்று வெண்டெல் கேட்டான்.

"இது ஜூலைதான் வெண்டெல். மரத்துக்குத் தண்ணி பத்தல."

"அந்த மரம் எனக்குப் பொய் சொன்னதில்ல. அவன் வரமாட்டேன்னுட்டானா?"

"அவ சொல்றது நிஜம்டா" என்றேன். "நான்தான் மரத்தைக் கெடுத்துட்டேன்."

"நீயா? முப்பது வருஷமா மரம் பாக்கறவன் நீ. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டா வந்தீங்க?" சிரித்தான். சிரிப்பு இருமலானது.

வெர்னா சிறைக்குச் சொல்லியனுப்பி, கிளேட்டனைப் போனில் பேச வைத்தாள்.

"நவம்பர்ல வந்துடறேம்பா."

"அடுத்த நவம்பரா?" என்று கேட்டுவிட்டு, வெண்டெல் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சூப்பை வாயில் வாங்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

கிளேட்டன் சொன்னபடி நவம்பரில் வந்தான். நான் பட்டுப்போன அந்த மரத்தின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்காக இன்னும் மூணு மாசம் இருக்கக் கூடாதா அவரு?" என்றான்.

"நவம்பர் வரைக்கும் இருந்துட்டுத்தான் போனான் உங்கப்பன்" என்றேன். "நான்தான் அதை ஜூலையிலேயே கொண்டு வந்துட்டேன்."