ஏழாவது பாட்டில் வரும் மணி

அந்த வீட்டுக் கூடத்தில் இருக்கும் பாட்டுப் பெட்டியைத் தொடுகிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் வீட்டுக்குப் பெரியவர், பல்லக்காவின் கணவனுக்கு அண்ணன். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தப் பெரிய வீட்டில் பியானோ முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குக்கர் விசில் எந்தச் சுரத்தில் கத்துகிறது என்று சொல்லக்கூடிய காது அவருடையது. யாரும் கேட்காமலே சொல்லுவார், அதுதான் தொல்லை.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். அவள் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மேல்வரிசை, கீழ்வரிசை என்று பல்செட் செய்து கொடுக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை மெழுகும் அரைக்கிற மெஷினுமாகத் தனி அறையில் கிடப்பவளுக்கு ரேடியோதான் துணை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிறவள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

கல்யாணமான முதல் மாதம் பெரியவர் அவளைக் கூடத்தில் உட்காரவைத்து நான்கு பாட்டுப் போட்டுக் காட்டினார். புதுசாக வந்த பெண்ணுக்கு அவர் செய்த மரியாதை அது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நம்புகிற வயது அவளுக்கு.

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா ரெண்டாவது முடிஞ்சதும் மூணாவதப் போட்டிருக்கக் கூடாது. இடிக்குது."

பெரியவர் சிரித்தார். அவர் சிரித்ததால் வீடே சிரித்தது.

"உனக்குக் காது கேக்குதும்மா. ஆனா காது இல்ல."

அன்றோடு அந்தப் பெட்டிக்கும் அவளுக்கும் இருந்த உறவு அறுந்தது. ஒன்பது வருஷமாக அதைத் தூசி தட்டுவதற்கு மட்டும் தொட்டாள். யாராவது பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவகிட்டக் கேக்காதீங்க, அவளுக்குக் காது இல்ல" என்று யாராவது ஒருவர் எடுத்துக்கொடுப்பார். வேடிக்கைக்குச் சொல்வதுதான். வேடிக்கைக்குச் சொன்னாலும் அது அவளுக்கு வலித்தது, ஒவ்வொரு தடவையும் வலித்தது.

லேபில் வரும் ஆர்டர் தாள்களை நகல் எடுக்க அவள் போகிற ஜெராக்ஸ் கடையில்தான் விஷயம் தொடங்கியது. கடைக்காரர் பேச்சில் சிக்கனம், பாட்டில் ஊதாரி. மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறி அவள் எதையோ முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் இருந்த ஒரு காலிப் பேப்பர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். இருபது பேர் கொண்ட கூட்டம் ஒன்று அந்தப் பெட்டி வழியாகப் பாட்டு மாற்றிக்கொள்கிறது. தானே பாட்டுகளைச் சேர்த்து ஒரு சிடி போட வேண்டும், பெட்டியில் வைக்க வேண்டும், வேறொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். உறையில் பெயர் கிடையாது, பாட்டுப் பட்டியல் கிடையாது, ஒரு நம்பர் மட்டும்தான். அந்த நம்பர் யாரென்று கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

"என் நம்பர் இதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்கன்னா ஒரு வருஷம் தள்ளி வெச்சிருவேன்," என்றார் அவர். "யாரு போட்டதுன்னு தெரிஞ்சா யாரும் பாட்டக் கேக்க மாட்டாங்க. ஆளத்தான் கேப்பாங்க."

ஆளைக் கேட்காமல் பாட்டைக் கேட்கிற இருபது பேர். பல்லக்காவுக்கு அந்த நிமிஷமே அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. காலியாகியிருந்த பத்தொன்பதாம் நம்பர் அவளுக்குக் கிடைத்தது.

நான்காம் நம்பர் யாரென்று அவளுக்குச் சேர்வதற்கு முன்பே தெரியும். அந்தக் கூட்டத்தில் வருஷக் கடைசியில் ஒரு போட்டி உண்டு. எல்லோரும் ஆளுக்கொரு சிடியை இருபது நகல் போட்டுக் கொடுப்பார்கள். மூன்று வாரம் கேட்டுவிட்டு, தன்னுடையதை விட்டு வேறொன்றுக்கு ஓட்டுப் போட வேண்டும். ஜெயிக்கிற சிடி ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடை வாசல் ஸ்பீக்கரில் ஓடும். நான்கு வருஷமாகத் தொடர்ந்து நான்காம் நம்பர்தான் ஜெயித்துவந்தது. அந்த நம்பர் தன்னுடையது என்று பெரியவர் வீட்டில் சொல்லாத நாளில்லை. வீட்டுக்குள் சொன்னால் அது வெளியில் சொன்னதாகாது என்பது அவர் கட்சி.

பல்லக்கா தன் நம்பரைக் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. அவனுடைய கம்ப்யூட்டரில்தான் எல்லா வேலையும் நடந்தது என்பதால் அவன் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவன்.

அந்த வருஷப் போட்டியில் அவள் ஒன்றே ஒன்றுதான் வேண்டினாள். அது பரிசு அல்ல. தன் சிடியைப் பெரியவர் முழுதாகக் கேட்க வேண்டும், யாருடையது என்று தெரியாமல் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பிடித்திருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இத்தனை வருஷச் சிரிப்புக்கு அது போதும் என்று நினைத்தாள்.

லேபில் அவள் செய்கிற வேலையில் எல்லாம் கடியில்தான் இருக்கிறது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் தனித்தனியாக எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, சேர்த்து மூடும்போது சரியாக உட்காரவில்லையென்றால் அது குப்பை. நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கவிட்டால், எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே மை ஒட்டும். அந்த இடத்தை அரைக்க வேண்டும். பாட்டையும் அவள் அப்படித்தான் சேர்த்தாள். ஒரு பாட்டு முடிகிற கடைசிப் பத்து நொடி, அடுத்தது தொடங்குகிற முதல் பத்து நொடி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். இடித்தால் தூக்கிவிட்டு வேறு வைத்தாள். பன்னிரண்டு பாட்டுக்கு நான்கு மாதம் ஆனது.

அதில் ஏழாவது பாட்டு சிடியாகவே வராத ஒன்று. பழைய கேசட்டில்தான் இருந்தது. ஒருநாள் லீவு போட்டு, வீட்டில் யாரும் இல்லாதபோது, டேப்பை ஓடவிட்டு மைக்கை முன்னால் வைத்துப் பதிந்தாள். பாதியில் யாரோ வாசல் பெல்லை அடித்தார்கள். பூனை மாதிரி நடந்து போய், ஒரு பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு வழக்கம்போல அந்தப் பாட்டின் தலையையும் வாலையும் நூறு தடவை சரிபார்த்தாள். நடுப்பகுதியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இருபது சிடியும் வீட்டுக்கு வந்தன. பெரியவர் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டார். பெரும்பாலானவை மூன்றாவது பாட்டைத் தாண்டவில்லை. பத்தொன்பதைப் போட்டபோது பல்லக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை நான்கு தடவை மடித்தாள்.

மூன்றாவது முடிந்தது, நான்காவது வந்தது, பெரியவர் அசையவில்லை. நீட்டிய காலை ஐந்தாவதில் மடக்கி வைத்துக்கொண்டார். ஏழாவது பாட்டில், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற சின்ன இடைவெளியில், டிங்... டொங் என்றது. இரண்டாவது சத்தம் கொஞ்சம் இறங்கி, சோர்ந்து போய் ஒலித்தது.

"வாசல்ல யாரோ," என்று எழுந்து போனார். கதவைத் திறந்தார். யாருமில்லை.

பதிவு செய்த அன்று பாதியில் அடித்த பெல் அது என்று பல்லக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த பெல்லை மாட்டியது பெரியவரேதான். இரண்டாவது சுரம் இறங்கியிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவரேதான். இருபது வீடுகளில் இப்போது அந்த பெல் அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் இருமுவதுபோல எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

மறுநாள் அதே சிடியை மறுபடி போட்டார். மறுபடி பெல் அடித்தது, மறுபடி போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று முடிவுகட்டி, அந்தப் பிள்ளைகளின் அப்பாவிடம் போய் நியாயம் கேட்டுவிட்டு வந்தார். காற்றில் வருகிற சுருதியைப் பிடிக்கிற மனிதருக்குத் தன் வீட்டு பெல் பாட்டுக்குள் இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவர் வாய் திறந்தார்.

"இந்தப் பத்தொம்பது யாருன்னு தெரியல. ஆனா அவனுக்குக் காது இருக்கு. ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொண்ணு வர்ற எடமே தெரியல. எனக்கே கொஞ்சம் பொறாமையா இருக்கு."

"ஓட்டுப் போடுவியாண்ணே?" என்றான் தம்பி, தட்டைப் பார்த்தபடி.

"போட்டாச்சு. இன்னிக்குத்தான் சீட்டு எழுதிப் பெட்டியில போட்டேன்."

பல்லக்கா சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது. இத்தோடு நின்றிருந்தால்கூட அவளுக்குப் போதும்தான்.

நின்றால்தானே? வெள்ளிக்கிழமை பெரியவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை வீட்டுக்குச் சுருதி சேர்க்கப் போனார். வேலை முடிந்ததும், நல்ல சிடி ஒன்று இருக்கிறது கேளுங்கள் என்று பத்தொன்பதை அவர்கள் வீட்டுப் பெட்டியில் போட்டார். ஏழாவது பாட்டு வந்தது. டிங்... டொங்.

"வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாருங்க," என்றார் பெரியவர்.

"எங்க வீட்டுல பெல்லே கிடையாதே," என்றார் ஆசிரியை.

அன்று மாலை பெரியவர் வீட்டுக்கு வந்து உள்ளே நுழையவில்லை. வெளியே நின்று பெல்லை அடித்தார். கேட்டார். மறுபடி அடித்தார். பல்லக்கா கதவைத் திறந்தபோது, அவளைப் பார்க்காமல் நேரே கூடத்துக்குப் போய் ஏழாவது பாட்டைப் போட்டார். மணி வந்ததும் நிறுத்தினார்.

"அன்னிக்கு பெல் அடிச்சது யாரும்மா?"

நம்பரைச் சொன்னால் ஒரு வருஷம் தள்ளிவைப்பு. ஆனால் அவர் நம்பரைக் கேட்கவில்லை.

"பார்சல்காரர் மாமா. உங்களுக்குப் பியானோ கம்பி முறுக்குற புதுச் சாவி வந்துச்சுல்ல, அன்னிக்கு."

பெரியவர் தலையை ஆட்டினார். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலை, கடை திறக்கிற நேரத்துக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். ஓட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணுவது ஒன்பது மணிக்கு. அதற்கு முன் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள விதியில் இடமுண்டு.

"எடுத்துருவாரோ?" என்றாள் கணவனிடம். வேண்டியது கிடைத்தாயிற்று என்று முந்தாநாள் நினைத்தவளுக்கு, இன்று அந்த ஒரு சீட்டு போய்விடுமோ என்ற பயம் தாங்க முடியவில்லை. சொன்ன நல்ல வார்த்தையை ஆள் தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டால், சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"வா, போய்ப் பாப்போம்."

ஜெராக்ஸ் கடை வாசலில் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டம். கையில் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு, நகல் எடுக்க வந்த மாதிரி எல்லோரும் நடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு ஓரமாக நின்றிருந்தார். கடைக்காரர் எண்ணி முடித்து, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினார். பத்தொன்பதுக்கு ஒன்பது. நான்குக்கு எட்டு. மற்றவர்களுக்கு மூன்று.

ஒரே ஒரு ஓட்டு. அது இல்லாவிட்டால் எட்டும் எட்டும் சமம், சமமானால் போன வருஷம் ஜெயித்தவருக்குத்தான். பல்லக்கா கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கடைக்காரர் ஜெயித்த சிடிக்கு வந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஒட்டினார். "அந்த மணி வாசிச்சது யாரு? புல்லரிச்சுப் போச்சு" என்று ஒன்றில் இருந்தது. அதே கேள்வியை இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆறாவது சீட்டில் இருந்த கோணல் எழுத்து அவளுக்கு மனப்பாடம். நீல மையில், "இவருக்குக் காது இருக்கிறது" என்று இருந்தது. அதற்குக் கீழே, கடையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனாவின் சிவப்பு மையில், அன்று காலை சேர்த்த ஒரு வரி: "என்னைவிட நல்ல காது. ஒன்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்."

ஸ்பீக்கரில் முதல் பாட்டு தொடங்கியது. தெருவில் போனவர்கள் நடையைக் குறைத்தார்கள். எதிர்க்கடை முடிவெட்டுபவர் கத்திரிக்கோலோடு வெளியே வந்து நின்றார். இருபது பேரில் யார் பத்தொன்பது என்று ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டுக்கொண்டிருக்க, பல்லக்கா தன் தாளை மார்போடு பிடித்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தான் சேர்த்த பாட்டைத் தெருவே கேட்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் உடம்பு அதுவரை தாங்கியதில்லை.

மதியம் வீட்டில் பெரியவர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. தன்னுடைய நான்காம் நம்பர் சிடியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"இதுல எங்கெங்க இடிக்குதுன்னு சாயங்காலம் கேட்டுச் சொல்லும்மா. இப்ப முதல்ல உன்னோடதப் போடு."

அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். இரண்டு பேரும் பேசாமல் கேட்டார்கள். ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது டிங்... டொங் என்றது. பெரியவர் ரசித்துத் தலையாட்டினார். மறுபடி அடித்தது. இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

"மாமா, இது அஞ்சாவது பாட்டு. மணி ஏழாவதுலதான் வரும்," என்றாள் பல்லக்கா. "சாப்பாடு வாங்கப் போன உங்க தம்பி வெளிய நிக்கிறாரு."

சொல்லிவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை. பெரியவர்தான் கதவைத் திறக்கப் போனார்.