மணிக்கட்டில் மரக்கரண்டி

வீட்டில் அவளுக்குக் கோணல் என்று பெயர். வைத்தவன் அண்ணன். மாலை நேர ஓவிய வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு முகமோ பூவோ வரைந்தபாடில்லை. கோடு, நீள்வட்டம், பெட்டி. மறுபடியும் கோடு, நீள்வட்டம், பெட்டி. பயிற்சி முடிந்ததும் நோட்டில் பதிந்து வைப்பாள்: "கோடு நூறு, நேரானவை முப்பத்தொன்று. நீள்வட்டம் அறுபது; உருளைக்கிழங்காய்ப் போனவை நாற்பத்திரண்டு."

"உருளைக்கிழங்குக்கு எதுக்குடி வகுப்பு? மார்க்கெட்ல கொட்டிக் கிடக்கே" என்றான் அண்ணன்.

சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. அலமாரி செய்யும் பட்டறை ஒன்றில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல அலமாரியை வரைந்து காட்டுகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய நாற்காலியை அவள் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலாளியம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"சனிக்கிழமை ஒரு புருஷன் பொண்டாட்டி வர்றாங்க. நீ வரைஞ்சு காட்டு. அவங்களுக்குப் பிடிச்சா நாற்காலி உனக்கு. இல்லைன்னா திங்கக்கிழமை விளம்பரம் குடுத்துடுவேன்."

வகுப்பில் நான்கு சட்டம். பேனாவில்தான் வரைய வேண்டும்; ரப்பரும் ஸ்கேலும் கூடாது. கோடு போடும் முன் காகிதத்துக்கு மேலே காற்றில் இரண்டு முறை கையை ஓட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து இழுக்க வேண்டும். பெட்டி முடிந்ததும் சிவப்புப் பேனாவால் விளிம்புகளை நீட்டிப் பார்த்து, தப்பை வட்டமிட வேண்டும். பின்னோக்கிப் போகும் விளிம்புகள் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டுமாம். அவள் போட்டவை சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் போயின.

நீள்வட்டம் பழக அடுப்படியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும் பாத்திரத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

"பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னடி பண்ணுற?" அம்மா ஓடிவந்தாள்.

"குனிஞ்சா விளிம்பு ஒடுங்குதும்மா. நிமிர்ந்தா விரியுது."

"எனக்கு வயிறு எரியுது!"

எல்லாவற்றையும்விட மணிக்கட்டுதான் சொன்ன பேச்சைக் கேட்காமல் மடங்கியது. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முன்கையிலிருந்து உள்ளங்கைவரை ஒரு மரக்கரண்டியை வைத்து, துணிக்கட்டுப் போட்டு இறுக்கிக்கொண்டால் எப்படி மடங்கும்? கோடுகள் நேராக வந்தன. சனிக்கிழமை காலையிலும் அண்ணனைக் கட்டிவிடச் சொன்னாள். பட்டறையில் ஒரு பக்கம் வரைந்து பார்த்துவிட்டு அவிழ்த்துவிடுவதாகத் திட்டம். ஆனால் அண்ணன் மூன்று முடிச்சுப் போட்டிருந்தான். இடது கையால் அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, அரை மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஐயோ, கை ஒடிஞ்சிருக்காம்மா?" என்றார் அந்தம்மா. பிறகு முதலாளியம்மாவிடம் திரும்பினார். "ஒடிஞ்ச கையை வச்சுக்கிட்டா வரையச் சொல்றீங்க? மனசு வருதா உங்களுக்கு?"

முதலாளியம்மாவின் முகம் கறுத்தது. "நேத்து நல்லாத்தானே இருந்த?"

'ஆமாம், ஒடிந்துவிட்டது' என்று தலையாட்டினால் இன்று தப்பிக்கலாம். திங்கட்கிழமை விளம்பரம் வந்துவிடும்.

"ஒடியலைங்க. இந்த முடிச்சை மட்டும் கொஞ்சம் அவிழ்த்துவிடுறீங்களா?"

அந்தம்மாவின் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாக அவிழ்த்தார். கட்டு தளர்ந்ததும் மேசைமேல் 'டக்'கென்று விழுந்தது.

"கரண்டி" என்றார் அவர்.

கட்டின காரணத்தை அவள் சொல்லி முடித்தாள். பிறகு அவர், "நான் பைக் ஓட்டிப் பழகினப்போ தலையில தலையணையைக் கட்டிக்கிட்டேன்" என்றார்.

"அதையெல்லாம் ஏன் இங்க சொல்றீங்க?" என்று அந்தம்மா அவர் முழங்கையில் இடித்தார்.

அவள் வரையத் தொடங்கினாள். கை காற்றில் இருமுறை போய்வந்தது. மூன்று தலைகளும் கூடவே போய்வந்தன. பேனா இறங்கியது. தளும்பும் குடத்தைச் சுமப்பதுபோல் மணிக்கட்டை ஜாக்கிரதையாகக் கொண்டுபோனாள். அவர்கள் சொல்லச் சொல்ல, உள்பக்கம் திறக்கும் ஜன்னல், அதை ஒட்டி உயரமான அலமாரி, ஒரே அகலக் கதவு. பெட்டி சுமாராக நின்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து விளிம்புகளை நீட்டி, மூன்று இடத்தில் வட்டமும் போட்டுவிட்டாள்.

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்னம்மா சிவப்பா?"

"நான் போட்ட தப்புங்க."

அந்தம்மா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி, கதவைத் திறந்தா எதுவரைக்கும் வரும்?"

கதவின் மேல்முனை சுற்றிவரும் பாதை படத்தில் ஒரு நீள்வட்டம். காற்றில் இரண்டு சுற்று, காகிதத்தில் ஒரு சுற்று. வந்தது உருளைக்கிழங்கேதான். ஆனால் அந்தக் கிழங்கு, உள்பக்கம் திறந்திருந்த ஜன்னல் கதவின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இடிக்குதுங்க" என்றாள் மெதுவாக. "ரெண்டு சின்னக் கதவா வச்சா இடிக்காது."

"பாத்தீங்களா!" அந்தம்மா கணவர் பக்கம் திரும்பினார். "போன கடையில படம் போட்டோ மாதிரி இருந்துச்சு. வீட்ல கொண்டுவந்து வச்சா கதவு பாதிதான் திறந்துச்சு. ஒருத்தன்கூட சொல்லல. இந்தப் பொண்ணு அதோட தப்பை அதுவே வட்டம் போட்டுக் காட்டுது. இங்கயே செஞ்சுக்கலாம்."

அவர்கள் போனதும் முதலாளியம்மா காலி நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். கையை நீட்டினார்.

"உக்காரு. அந்தச் சிவப்புப் பேனாவை இங்க குடு."

மாலையில் கரண்டி வீடு திரும்பியது. இரண்டு நாளாக அதைத் தேடிக்கொண்டிருந்த அம்மா, ஒட்டியிருந்த துணி நூலை அதிலிருந்து பிய்த்தபடியே அண்ணனைத் திட்டினாள். மகள் தன் நோட்டைத் திறந்தாள். "பெட்டி ஒன்று, தப்பு மூன்று. நீள்வட்டம் ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று." அதற்குக் கீழே, "நாற்காலி ஒன்று" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, கோடு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புப் பேனாவைத் தேடினாள்.